உடல் சொல்லும் வரலாறு – 11: அழித்த இடங்களின் பட்டியல்

1935 அக்டோபர் தொடக்கம். இங்கிலாந்தின் லாங்காஸ்டர் நகரத்தில் ஒரு டாக்டர் பத்திரிகை படித்துவிட்டு, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் உற்சாகமாகப் பேச்சுக் கொடுத்தார். ஸ்காட்லாந்தில் ஓர் ஓடையோரம் துண்டு துண்டாகக் கிடைத்த பிணங்கள் ஓர் ஆணுடையதும் ஒரு பெண்ணுடையதுமாம். அப்படியானால் அவை நம் வீட்டு இரண்டு பேருடையவை இல்லை என்றார். பிறகு அந்தப் பேச்சே நீதிமன்றத்தில் சாட்சியமாக வந்தது.

அந்த வீட்டில் காணாமல் போயிருந்த இரண்டு பேர், டாக்டரின் மனைவி இசபெல்லாவும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு இருந்த மேரி ஜேன் ராஜர்சனும். இசபெல்லாவுக்கு 34 வயது, மேரிக்கு 20. டாக்டரின் பெயர் பக் ரக்ஸ்டன். அது அவர் பின்னாளில் சட்டப்படி மாற்றிக்கொண்ட பெயர். 1899-இல் பம்பாயில் பார்சிக் குடும்பத்தில் பிறந்தபோது ரஸ்தம்ஜி ரத்தன்ஜி ஹக்கீம் வீட்டுப் பிள்ளை. பம்பாயில் மருத்துவம் படித்து, இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து பாக்தாத், பஸ்ராவில் வேலை பார்த்துவிட்டு, அறுவைச் சிகிச்சை மேற்படிப்புக்காக எடின்பரோ போனவர். தேர்வில் தேறவில்லை. ஆனால் பம்பாய் பட்டத்தை வைத்தே இங்கிலாந்தில் தொழில் செய்ய அனுமதி கிடைத்தது. எடின்பரோவில் ஓர் உணவகத்தைக் கவனித்துவந்த இசபெல்லாவை அங்கேதான் சந்தித்தார். 1930-இல் லாங்காஸ்டருக்கு வந்து, டால்டன் சதுக்கம் 2-ஆம் எண் வீட்டில் குடியேறி, அங்கேயே மருத்துவமும் பார்த்தார். ஏழைகளிடம் இரக்கமுள்ளவர் என்று ஊரில் நல்ல பெயர். வீட்டுக்குள் மட்டும் மனைவி மேல் தீராத சந்தேகம்.

சென்ற இதழில் பாஸ்டன் பேராசிரியர் வெப்ஸ்டரின் வழக்கைப் பார்த்தோம். 1849-இல் பல் மருத்துவர் ஒருவர் தன் கையால் செய்த பல்செட்டை அடையாளம் காட்டியதால் எரிந்த மிச்சத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது. அங்கே கொன்றவர் மிச்சமில்லாமல் எரித்துவிட நினைத்து, எரியாத ஒன்றைக் கோட்டைவிட்டார். ரக்ஸ்டன் அந்த ரகமில்லை. எந்த அடையாளத்தை வைத்து ஒரு பிணத்துக்குப் பெயர் சூட்டுவார்கள் என்பது இவருக்குத் தெரியும். தெரிந்து, ஒவ்வொன்றாக அழித்தார். அந்த அழிப்பை இரண்டு பேராசிரியர்கள் எப்படிப் படித்தார்கள் என்பதுதான் இந்த வாரக் கதை.

செப்டம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. ஸ்காட்லாந்தின் தென்பகுதியில் உள்ள மோஃபட் என்ற சிற்றூரிலிருந்து எடின்பரோ போகும் சாலையில் இரண்டு மைல் தள்ளி ஒரு கல்பாலம். கீழே கார்டன்ஹோம் லின் என்ற ஓடை, பள்ளத்தில் ஓடுகிறது. விடுமுறைக்கு வந்த பெண் ஒருவர் பாலத்துச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தபோது, ஒரு பொட்டலத்திலிருந்து மனிதக் கை நீட்டிக்கொண்டிருந்தது. போலீஸ் வந்து தேடத் தேடப் பொட்டலங்கள் வந்துகொண்டே இருந்தன. படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஒரு ரவிக்கை, குழந்தை உடுப்பு, செய்தித்தாள் என்று கையில் கிடைத்ததில் எல்லாம் சுற்றியிருந்தது. இரண்டு தலைகள். ஒன்பது மைல் தெற்கே ஒரு பாதம் அக்டோபர் 28-இல்தான் கிடைத்தது. நவம்பர் 4-இல் ஒரு முன்கை. ஆக மொத்தம் சுமார் 70 துண்டுகள்.

துண்டுகள் கிடைத்த விதமே முதல் தகவலைக் கொடுத்தது. பல துண்டுகள் தண்ணீர் மட்டத்துக்கு மேலே கரையில் ஒதுங்கிக் கிடந்தன. அந்த ஓடையில் கடைசியாக வெள்ளம் வந்தது செப்டம்பர் 19-ஐ ஒட்டி. வெள்ளம் கொண்டுவந்து கரையில் விட்டிருக்க வேண்டுமானால், அதற்குள் துண்டுகள் ஓடையில் விழுந்திருக்க வேண்டும். சுற்றியிருந்த செய்தித்தாள்களில் ஒன்று செப்டம்பர் 15 தேதியிட்ட 'சண்டே கிராஃபிக்'. அதற்கு முன்னால் போட்டிருக்க முடியாது. நான்கைந்து நாள் இடைவெளி, அவ்வளவுதான். அந்த 'சண்டே கிராஃபிக்'கும் நாடு முழுவதும் விற்ற பதிப்பு இல்லை. மோர்கேம் ஊர்த் திருவிழாச் செய்தியோடு, மோர்கேம், லாங்காஸ்டர் சுற்றுவட்டாரத்துக்காக மட்டும் தனியாக அச்சிட்ட சிறப்புப் பதிப்பு. நூறு மைலுக்கு அப்பால் இருந்த லாங்காஸ்டரை நோக்கி அந்தத் தாள் கைகாட்டியது. ஸ்காட்லாந்துப் போலீஸ் அதிகாரி ஒருவர் கிளாஸ்கோ பத்திரிகையில் லாங்காஸ்டர் பெண் ஒருத்தி காணாமல் போன செய்தியைப் பார்த்தார். அக்டோபர் 9-இல் இரு ஊர்க் காவல்துறையும் பேசிக்கொண்டன.

இதெல்லாம் போலீஸ் வேலை. துப்பறியும் கதைக்காரர்கள் இதோடு திருப்திப்பட்டுவிடுவார்கள். நீதிமன்றத்துக்கு இது போதாது. லாங்காஸ்டர் பத்திரிகையில் சுற்றப்பட்ட பிணம் லாங்காஸ்டர் பெண்ணுடையது என்று சட்டம் ஏற்காது. இந்த உடல் இன்னார் என்று யாராவது சொல்ல வேண்டும். முகமே இல்லாத உடலைப் பார்த்து யார் சொல்வது?

இங்கேதான் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் சட்ட மருத்துவப் பேராசிரியர் ஜான் கிளைஸ்டர் வருகிறார். அவருடைய அப்பாவும் அதே பெயர், அதே நாற்காலி. மோஃபட் பிணவறையில் முதலில் பார்த்தபோது துண்டுகள் முழுக்கப் புழு. ஈதரால் புழுவைக் கொன்று, ஃபார்மலினில் போட்டு, எல்லாவற்றையும் எடின்பரோ பல்கலைக்கழக உடற்கூறியல் துறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பேராசிரியர் ஜேம்ஸ் கூப்பர் பிராஷ். கொலை வழக்குக்கும் அவருக்கும் தொடர்பில்லை. எலும்பும் தசையும் பாடமெடுப்பவர். எடின்பரோ சட்ட மருத்துவப் பேராசிரியர் சிட்னி ஸ்மித், பல் மருத்துவத்துக்கு ஆர்தர் ஹட்சின்சன் என்று குழு சேர்ந்தது. நாட்டிலேயே பெரிய தலைகள் ஒரே மேசையைச் சுற்றி நின்றும் யாரும் யாருடைய வேலையிலும் தலையிட்டதாகத் தெரியவில்லை. நம் ஊர் நிபுணர் குழுக்களைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய அதிசயமாகப் படும்.

முதல் வேலை, துண்டுகளை இரண்டு ஆளாகப் பிரிப்பது. கைகால் எலும்புகளில் ஒரு ஜோடி நீளம், ஒரு ஜோடி குட்டை; அதனால் அவற்றைப் பிரிப்பது சிரமமாக இருக்கவில்லை. மூட்டோடு மூட்டு பொருந்துகிறதா, கழுத்தெலும்பு எந்தத் தலையோடு சேர்கிறது என்று எக்ஸ்ரே எடுத்து ஒவ்வொன்றாகச் சேர்த்தார் பிராஷ். எந்த உறுப்பும் இரண்டுக்கு மேல் வரவில்லை. ஆகவே மூன்றாவது ஆள் இல்லை. முதல் பார்வையில் ஒரு தலை ஆணுடையதாக இருக்கலாம் என்று தோன்றி, அதுதான் பத்திரிகைக்குப் போயிருந்தது. மென்திசுக்களைப் பிரித்துப் பார்த்தபின் இரண்டும் பெண்கள் என்று உறுதியானது. குட்டையானவளுக்கு 'முதல் உடல்', நெட்டையானவளுக்கு 'இரண்டாம் உடல்' என்று பெயர் வைத்தார்கள். முதல் உடலுக்குத் தலையும் கைகால்களும் உண்டு. நடு உடல் கடைசிவரை கிடைக்கவேயில்லை.

வயதை எலும்பும் பல்லும் சொல்லின. வளரும் வயதில் நீண்ட எலும்புகளின் முனை குருத்தெலும்பால் நடுப்பகுதியோடு சேர்ந்திருக்கும். வளர்ச்சி முடிய முடிய அது எலும்பாகி ஒட்டிக்கொள்ளும். எந்த மூட்டில் எந்த வயதில் ஒட்டும் என்பதற்கு அளவு இருக்கிறது. மண்டை ஓட்டின் தையல் கோடுகள் முப்பதுக்கு மேல் மெல்ல மறையத் தொடங்கும். இவற்றோடு கடைவாய்ப் பல்லின் நிலையையும் சேர்த்துப் பார்த்து, முதல் உடலுக்கு 18 முதல் 25 வயது, இரண்டாம் உடலுக்கு 35 முதல் 45 என்றார்கள். மேரிக்கு 20. இசபெல்லாவுக்கு 35 நிறையச் சில மாதங்கள் பாக்கி. எல்லைக்கு ஒரு மயிரிழை வெளியே என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

பற்களிலும் கொலையாளி கைவைத்திருந்தார். இரண்டு தாடைகளிலிருந்தும் பற்கள் பிடுங்கப்பட்டிருந்தன. ஆனால் உயிரோடு இருக்கும்போது பிடுங்கிய பல்லின் குழியை நாளடைவில் எலும்பு நிரப்பிவிடும். சாகும் தறுவாயிலோ செத்தபிறகோ பிடுங்கியிருந்தால் குழி அப்படியே திறந்து நிற்கும். எந்தப் பல் எப்போது போனது என்று ஹட்சின்சனால் இரண்டு கணக்காகப் பிரிக்க முடிந்தது.

இனி அந்த மேசையில் நடந்ததிலேயே முக்கியமானது. துண்டுகளை அடுக்கி முடித்தபோது, இல்லாதவற்றை எழுதத் தொடங்கினார்கள். வெட்டியவர் ரம்பத்தைத் தொடவில்லை. கத்தியால் மூட்டுகளைச் சுத்தமாகப் பிரித்திருந்தார். உடற்கூறியல் தெரிந்த கை. அந்தக் கை வெட்டத் தேவையில்லாத சில இடங்களிலும் வேலை செய்திருந்தது. இரண்டு தலைகளிலும் கண், காது, மூக்கு, உதடு இல்லை, முகத்தோல் உரிக்கப்பட்டிருந்தது. இரண்டாம் உடலின் விரல் நுனிகள் வெட்டப்பட்டிருந்தன. அதே உடலில் முழங்காலுக்குக் கீழே சதை முழுவதும் அகற்றப்பட்டிருந்தது. இடது பாதத்தில் பெருவிரலின் அடிப்பகுதியில் ஒரு துண்டு சதை மட்டும் சீவப்பட்டிருந்தது. முதல் உடலின் முன்கையில் முழங்கையருகே கொஞ்சம் தோலைக் காணவில்லை.

காணாமல் போன பெண்களைப் பற்றி உறவினர்கள் சொன்னதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மேரிக்கு ஒரு கண் லேசாக மாறுகண், கண்ணைக் காணோம். முகத்தில் பழுப்புப் புள்ளிகள், முகத்தோலைக் காணோம். முழங்கையருகே சிவந்த பிறவி மச்சம். அந்த இடத்துத் தோலைக் காணோம். இசபெல்லாவுக்கு எடுப்பான மூக்கு, மூக்கைக் காணோம். கணுக்கால் வரை ஒரே பருமனாக இறங்கும் கால்கள். கால் சதையைக் காணோம். இடது பெருவிரல் அடியில் எலும்பு புடைத்து முண்டு கட்டியிருக்கும். அந்த இடம் சீவப்பட்டிருந்தது. சீவிய இடத்தை எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே எலும்பு புடைத்துத்தான் இருந்தது.

மருத்துவப் படிப்பு அவருக்குக் கொடுத்த கண் இது. சாதாரணக் கொலைகாரன் முகத்தைச் சிதைப்பான், தலையை எங்காவது வீசுவான். கால் பெருவிரல் முண்டை நினைத்துப் பார்க்க மாட்டான். மனைவியின் உடலை அங்குலம் அங்குலமாக அறிந்த ஒருவர், அதுவும் எது அடையாளமாகும் என்று படித்த ஒருவர், செய்யக்கூடிய வேலை. அழிக்கப்பட்ட ஒவ்வொரு இடத்துக்கும் நேராக ஒரு அடையாளத்தை எழுதிக்கொண்டே போனால், கடைசியில் இரண்டு பெண்களின் முழு விவரமும் வந்துவிடுகிறது. யாரோ ஒரு பெண்ணின் பிணத்தில் இந்த இடங்களை மட்டும் தேர்ந்தெடுத்து வெட்ட வேண்டிய காரணம் வேறு யாருக்கும் இல்லை.

விட்டுப்போனதும் உண்டு. முதல் உடலின் மேல் கையில் அம்மை குத்திய தழும்புகள் நான்கு அப்படியே இருந்தன. மேரிக்கும் நான்கு. அதைவிடப் பெரிதாகக் கோட்டைவிட்டது, அவளுடைய விரல் நுனிகளை. மனைவியின் விரல்களை வெட்டியவர் வேலைக்காரப் பெண்ணின் விரல்களை ஏன் விட்டார்? நேரம் போதவில்லையோ, அவளுடைய ரேகையை யார் தேடப்போகிறார்கள் என்ற அலட்சியமோ. எனக்கு இரண்டாவதுதான் காரணம் என்று படுகிறது.

கிளாஸ்கோ போலீஸின் கைரேகைப் பிரிவு அதிகாரி பெர்ட்டி ஹாமண்ட் டால்டன் சதுக்கத்து வீட்டுக்குப் போய், மேரி தொட்டுப் புழங்கிய கண்ணாடிச் சாமான், தட்டு என்று ஒவ்வொன்றாகத் தூள் தூவிப் பார்த்தார். வீட்டில் படிந்திருந்த ரேகைகள் முதல் உடலின் கையோடு பொருந்தின. பிறகு கிடைத்த கை சிக்கலானது. வாரக்கணக்கில் வெளியே கிடந்ததில் மேல்தோல் உரிந்துபோயிருந்தது. மேல்தோல் போனால் ரேகையும் போச்சு என்றுதான் நினைப்போம். ஆனால் விரலின் மேடுபள்ளங்கள் அடித்தோலிலும் அதே அமைப்பில் இருக்கின்றன, கொஞ்சம் மங்கலாக. ஹாமண்ட் அடித்தோலிலிருந்தே பதிவெடுத்து வீட்டு ரேகைகளோடு ஒப்பிட்டார். பிரிட்டிஷ் நீதிமன்றத்துக்கு இது புதுசு.

புழுவுக்கும் வேலை இருந்தது. இத்தொடரின் தொடக்கத்தில், 1247-இல் நூல் எழுதிய சீனத்து சோங் சி, ஈ மொய்த்த அரிவாளை வைத்துக் கொலைகாரனைக் கண்டறிந்த கதையைச் சொன்னார் என்று பார்த்தோமே, அதன் நவீன வடிவம். ஈதரில் கொன்ற புழுக்களைக் கிளாஸ்கோவின் அலெக்சாண்டர் மெர்ன்ஸ் பரிசோதித்தார். நீல ஈ வகை ஒன்றின் புழுக்கள். ஈ பிணத்தில் முட்டையிடும். முட்டை பொரிந்து புழுவாகும். புழு மூன்று கட்டமாக வளர்ந்து கூட்டுக்குள் போகும். குளிரில் மெதுவாக, வெப்பத்தில் வேகமாக. ஸ்காட்லாந்தின் செப்டம்பர்க் குளிரைக் கணக்கில் எடுத்து, மூத்த புழுக்களுக்கு வயது 12 முதல் 14 நாள் என்றார். பின்னோக்கி எண்ணினால் செப்டம்பர் நடுவில் போய் நிற்கிறது. ஓடை வெள்ளம், செய்தித்தாள் தேதி, புழுவின் வயது. மூன்றும் ஒன்றையொன்று அறியாத மூன்று சாட்சிகள்.

இந்த வழக்கைப் பாடப்புத்தகத்தில் ஏற்றியது மண்டை ஓட்டுப் படம். தமிழ்நாட்டில் மருத்துவம் படித்த யாரிடமும் ரக்ஸ்டன் என்று சொன்னால், தலையில் சிறு கிரீடம் வைத்த பெண்ணின் முகத்துக்குள் மண்டை ஓடு தெரியும் அந்தப் படம்தான் ஞாபகம் வரும். அது எப்படி உருவானது என்பதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும்.

இசபெல்லா ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படம் ஒன்று கிடைத்தது. மாலை விருந்துக்குரிய உடை, தலையில் சிறு கிரீட நகை. படத்தை உண்மை முக அளவுக்குப் பெரிதாக்க வேண்டும். எவ்வளவு பெரிதாக்குவது? படத்தில் முகம் மட்டும் இருந்தால் அளவே தெரியாது. ஆனால் நகை வீட்டில் இருந்தது. அதை அளந்து, படத்தில் இருக்கும் நகை அதே அளவுக்கு வரும்வரை பெரிதாக்கினால் முகமும் தன் அளவுக்கு வந்துவிடும். உடையையும் இதே போல் பயன்படுத்தினார்கள். அடுத்தது கோணம். படத்தில் தலை எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியிருக்கிறதோ, எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ, அதே நிலையில் மண்டை ஓட்டைத் தாங்கியில் பொருத்தித் திருப்பித் திருப்பிப் பார்த்துப் படம் பிடித்தார்கள். பிறகு இரண்டு படங்களின் வெளிக்கோடுகளையும் தனித்தனியாக ஒளிபுகும் தாளில் வரைந்து ஒன்றின்மேல் ஒன்றை வைத்தார்கள். கண்குழி கண்ணில் வந்து உட்கார்ந்தது. மூக்கெலும்பு மூக்கின் வேரில். தாடை, கன்னம், நெற்றி எல்லாம் சதைக்கு வேண்டிய இடம் விட்டு உள்ளே அடங்கின.

பிராஷ் இத்தோடு நிறுத்தவில்லை. முதல் உடலின் மண்டை ஓட்டையும் இசபெல்லா படத்தில் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. இரண்டாவதை மேரி படத்தில் வைத்தார். அதுவும் பொருந்தவில்லை. முதல் மண்டை ஓடு மேரி படத்தில் சரியாக உட்கார்ந்தது. இரண்டு ஓடுகள், இரண்டு முகங்கள். நான்கு வழியிலும் சோதித்து, இரண்டில் மட்டும் பொருத்தம். என்றாலும் சாட்சிக் கூண்டில் அவர் இது இசபெல்லாவின் மண்டை ஓடு என்று அடித்துச் சொல்லவில்லை. பொருந்தாத ஓட்டைத் தள்ளிவிடலாம். பொருந்துகிற ஓட்டைப் பற்றி, அவளுடையதாக இருக்கத் தடையில்லை என்றுதான் சொல்லலாம். ஏனென்றால் அதே அளவு மண்டை ஓடு வேறொரு பெண்ணுக்கும் இருக்கலாம். இன்றைக்கும் நம் சட்ட மருத்துவப் பாடப்புத்தகங்கள் இந்தச் சோதனைக்கு விலக்கும் மதிப்பு அதிகம், நிறுவும் மதிப்பு குறைவு என்றுதான் எழுதுகின்றன. வழக்கு முழுவதிலும் என்னைக் கவர்ந்த மனிதர் பிராஷ்தான். கையில் அவ்வளவு பரபரப்பான படத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு அடக்கமாகப் பேசுவது லேசில்லை.

பாதங்களுக்கும் இதே பொறுமை. இரண்டு இடது பாதங்களையும் வளையும் தன்மையுள்ள பசையில் வார்த்து எடுத்தார்கள். ஒன்று மேரியின் செருப்புக்குள் சரியாகப் போனது, மற்றது இசபெல்லாவின் செருப்புக்குள். மாற்றிப் போட்டால் சேரவில்லை.

யார் என்ற கேள்விக்கு அடுத்தது, எப்படி. சந்தேக மரணம் என்றால் நம் ஊர்ப் போலீஸ் '174 போட்டிருக்கு' என்பார்கள், புதிய சட்டத்தில் அது 194 ஆகிவிட்டது. எந்த எண்ணாக இருந்தாலும் பிரேதப் பரிசோதனை சொல்ல வேண்டியது சாவின் காரணம். இரண்டாம் உடலின் தொண்டையில் நாக்கின் அடியில் இருக்கும் ஹையாய்ட் எலும்பு முறிந்திருந்தது. லாடம் போல் வளைந்த சின்ன எலும்பு. கழுத்தை நெரிக்கும்போது உடையக்கூடியது. நுரையீரலிலும் இதயத்திலும் மூச்சுத்திணறலின் அடையாளமாகச் சிறு ரத்தப் புள்ளிகள். கையால் நெரித்துக் கொன்றதற்கு ஒத்துப்போகிறது என்றார் கிளைஸ்டர். மூச்சடைத்து இறந்தவர்களிடம் அந்த அடையாளங்களை முதலில் தேடும் இடங்கள் கண், உதடு, காது, மூக்கு, விரல் நுனி. வெட்டி எறியப்பட்டவையும் இவையே. ஆக ஒரே வெட்டில் இரண்டு தடயத்தை அழிக்கப் பார்த்திருக்கிறார்: யார் என்பதையும், எப்படி என்பதையும். தொண்டைக்குள் இருந்த எலும்புத் துண்டை மட்டும் மறந்துவிட்டார்.

மேரி எப்படி இறந்தாள் என்பதைத் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. மண்டையில் அடி இருந்தது. ஆனால் அதுவே உயிரைக் குடித்திருக்கும் என்று சொல்ல முடியாது. நடு உடல் இல்லாமல் மேற்கொண்டு ஒன்றும் செய்வதற்கில்லை.

துண்டுகளுக்கு நடுவே ஒற்றைக் கண் ஒன்றும் கிடைத்தது. இரண்டு கண்கள் ஒன்றாக ஒட்டிப் பிறக்கும் பிறவிக் குறை. ஏதோ விலங்கின் கண் என்று முடிவானது. கண் நோயில் ஆர்வமுள்ள டாக்டர் ஃபார்மலினில் போட்டு வைத்திருந்த மாதிரி, அவசரத்தில் சேர்ந்து வந்திருக்கலாம். கொலையோடு சம்பந்தமில்லை. இந்த மாதிரி கதையில் எங்கேயும் உட்காராத ஒரு துண்டு எல்லா உண்மை வழக்கிலும் இருக்கும்.

மற்ற தடயங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். பொட்டலத்துப் படுக்கை விரிப்பையும் ரக்ஸ்டன் கட்டிலில் கிடந்த விரிப்பையும் துணி நிபுணர் பார்த்து, கரையில் இருந்த நெசவுப் பிழையை வைத்து இரண்டும் ஒரே தறியில் நெய்தவை என்றார். கக்கத்தில் ஒட்டுப் போட்டிருந்த ரவிக்கையை, தானே ஒட்டுப் போட்டதாக மேரியின் சிற்றன்னை அடையாளம் காட்டினார். குழந்தை உடுப்பைக் கோடையில் அவர்கள் தங்கிய வீட்டின் உரிமையாளர் அடையாளம் காட்டினார். இடுப்பு ரப்பரில் போட்டிருந்த முடிச்சு அவர் போட்டது. செப்டம்பர் 17 அன்று வாடகைக் கார் ஒன்று கெண்டல் ஊரில் சைக்கிள்காரர் ஒருவரை இடித்துவிட்டு நிற்காமல் போனது. அவர் எண்ணைக் குறித்துக்கொண்டார். ஓட்டியவர் ரக்ஸ்டன், கெண்டல் ஸ்காட்லாந்துக்கும் லாங்காஸ்டருக்கும் இடையே உள்ள ஊர். வீட்டு மாடிப்படி, தரைவிரிப்பு, குளியலறை எல்லாவற்றிலும் ரத்தக் கறை. டப்பாவில் அடைத்த பீச் பழத்தைத் திறக்கும்போது கையை வெட்டிக்கொண்டேன் என்றார் டாக்டர். வெட்டு இருந்தது உண்மைதான். படியைக் கழுவத் தன்னிடம் வைத்தியம் பார்த்துவந்த பெண் ஒருவரைக் கூப்பிட்டுவிட்டு, கறைபட்ட கோட்டு சூட்டையும் அவரிடமே கொடுத்தார். மறுநாள் வந்து சூட்டிலிருந்த தன் பெயர்ச் சீட்டை வெட்டி எரிக்கச் சொன்னார்.

அக்டோபர் 13 காலை 7.20-க்குக் கைது. முதலில் மேரியைக் கொன்றதாக, நவம்பர் 5-இல் இசபெல்லாவைக் கொன்றதாகவும். 1936 மார்ச் 2 முதல் 13 வரை மான்செஸ்டரில் நீதிபதி சிங்கிள்டன் முன்னால் விசாரணை. அரசுத் தரப்பில் இருந்த இளம் வழக்கறிஞர்கள் டேவிட் மேக்ஸ்வெல் ஃபைஃப், ஹார்ட்லி ஷாக்ராஸ் இருவரும் பத்தாண்டு கழித்து நியூரம்பெர்கில் நாஜிகளை விசாரித்தவர்கள். எதிர்த்தரப்பில் நார்மன் பர்கெட், அந்தக் காலத்தின் முதல்வரிசை வக்கீல். மண்டை ஓட்டுப் படங்கள் கையால் உருவாக்கிய சான்று, பிழைக்கு இடமுண்டு என்று அவர் ஆட்சேபித்தார். நீதிபதி ஏற்கவில்லை. எதிர்த்தரப்புக்கு ரக்ஸ்டனைத் தவிர வேறு சாட்சியே இல்லை. கூண்டில் அவர் அழுதார், ஆவேசப்பட்டார், எதுவும் உதவவில்லை. ஜூரிகள் எழுந்து போய்ச் சுமார் ஒரு மணி நேரத்தில் திரும்பினார்கள். லாங்காஸ்டரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கருணை மனுவில் கையெழுத்திட்டார்கள். மே 12-இல் ஸ்டிரேஞ்ச்வேஸ் சிறையில் தூக்கு. கைதான மறுநாள் தேதியிட்டு அவர் எழுதி வைத்திருந்த ஒப்புதல், தூக்குக்குப் பிறகு பத்திரிகையில் வந்தது. ஆத்திரத்தில் மனைவியைக் கொன்றேன், பார்த்துவிட்ட மேரியையும் கொல்ல வேண்டியதாயிற்று என்று. அந்த வீட்டுக் குளியல் தொட்டி பல காலம் போலீஸ் குதிரைகளுக்குத் தண்ணீர்த் தொட்டியாக இருந்தது.

நடந்த விசாரணை இசபெல்லா கொலைக்கு மட்டும். மேரிக்காக ஒரு தீர்ப்பு எழுதப்படவே இல்லை. வழக்கும் கொலைகாரன் பெயரிலேயே புத்தகங்களில் நிலைத்துவிட்டது. ஆனால் அடையாளம் காணும் கலைக்கு இரண்டு பெண்களில் அதிகம் கொடுத்தது மேரிதான். அடித்தோல் ரேகை அவளுடையது. தழும்பு அவளுடையது. அவள் இல்லாவிட்டால் மண்டை ஓட்டுச் சோதனையில் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது முகமே இருந்திருக்காது.

1937-இல் கிளைஸ்டரும் பிராஷும் சேர்ந்து இந்த வழக்கின் சட்ட மருத்துவ அம்சங்களைத் தனி நூலாக எடின்பரோவில் வெளியிட்டார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் அளவு, படம், முடிவுக்கு வந்த வழி, எல்லாம் அதில் உண்டு. மண்டை ஓட்டையும் உருவப்படத்தையும் ஒப்பிடுவது அவர்கள் கண்டுபிடிப்பு இல்லை. 1934-ஐ ஒட்டி கார்ல் பியர்சனும் மோரன்டும் ஆலிவர் கிராம்வெல்லுடையது என்று சொல்லப்பட்ட ஒரு தலையை அவருடைய உருவப்படங்களோடு ஒப்பிட்டிருந்தார்கள். செத்து முந்நூறாண்டு ஆகப்போகிறவருக்குச் செய்ததைக் குற்ற வழக்குக்குக் கொண்டுவந்ததுதான் எடின்பரோவின் பங்கு. அதில் ஓர் ஓட்டை இருந்தது. இசபெல்லா படத்தில் நகை இருந்தது, எல்லார் படத்திலும் இருக்காது. நம்மிடம் வரும் படம் பெரும்பாலும் ரேஷன் கார்டுக்கு எடுத்த, கழுத்துக்கு மேல் வெறும் முகம். அளவு தெரியாத படத்தை எப்படிச் சரியான அளவுக்குக் கொண்டுவருவது, கேமராத் தூரத்தால் வரும் பிழையை எப்படிக் கழிப்பது என்ற கேள்வி பல நாடுகளில் தொடர்ந்தது. அதில் சென்னைக்கும் பங்குண்டு. தமிழக அரசின் தடய அறிவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த பி. சந்திரசேகரன், மண்டை ஓட்டையும் புகைப்படத்தையும் பொருத்தும் முறையைத் திருத்தி 1971-இல் அமெரிக்கக் குற்றவியல் இதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார். பின்னாளில் ராஜீவ் காந்தி கொலை விசாரணையில் நாடு அறிந்த அதே சந்திரசேகரன்தான்.

ஆனால் அவருக்கும் முன்னால், 1952-இல், சென்னையிலிருந்து புறப்பட்ட போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி மானாமதுரையில் இறக்கப்பட்டது. உள்ளே தலையில்லாத உடல். அது அடுத்த இதழில்.